மருந்துக்குப் பயந்த பெண்கள்!

நல்ல மாத்திரை இருந்தது. விலையும் குறைந்துவிட்டது. ஆனாலும், அமெரிக்காவில் ஏராளமான பெண்கள் அதை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள்!

அது எலும்புக்கான மாத்திரை. எலும்பைக் கல் போன்றது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. உடம்பு பழைய எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். புது எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிலக்கு நின்றபின் 'ஈஸ்ட்ரோஜன்' சுரப்பது குறைகிறது. உடனே அரிப்பு முந்திக்கொள்கிறது. பிறகு கால் இடறி விழுந்தாலே போதும், இடுப்பு எலும்பு முறியும். பழையபடி எழுந்து நடக்க முடியாமல் போனவர்கள் பலர்.

1995-ல் 'அலெண்ட்ரோனேட்' என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இது எலும்பில் ஒட்டிக்கொண்டு அரிப்பை அடக்குகிறது. ஏற்கனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களிடம் செய்த சோதனையின் முடிவு 1996-ல் வெளியாயிற்று. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இடுப்பு முறிவு பாதியாகக் குறைந்திருந்தது!

அப்புறம் பீதி கிளம்பியது. தாடை எலும்பு கெடுகிறது என்று 2003-ல் செய்தி வந்தது. (அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை ஊசியாக அதிக அளவில் போட்டுக்கொண்டவர்கள்.) பல ஆண்டு சாப்பிட்ட சிலருக்குப் பலமான அடி படாமலே தொடை எலும்பு முறிகிறது என்று 2010-ல் அரசே எச்சரித்தது.

இவை வெறும் வதந்தி அல்ல. அபூர்வமாக நடப்பவை. ஆனால் 2008-க்கும் 2012-க்கும் இடையில் இந்த வகை மருந்தின் உபயோகம் பாதிக்கு மேல் சரிந்தது. வருடா வருடம் குறைந்துகொண்டு வந்த இடுப்பு முறிவு, 2012-க்குப் பிறகு குறையாமல் நின்றுவிட்டது. இதற்கு மருந்தை விட்டதுதான் காரணமா? நிரூபணம் இல்லை. டாக்டர்களுக்குச் சந்தேகம் உண்டு.

லாபம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு? கலிபோர்னியாவில் சுமார் 2 லட்சம் பெண்களை ஆராய்ந்து 2020-ல் கணக்குச் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் 10,000 பேர் மூன்று வருடம் மருந்து சாப்பிட்டால், 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும். மருந்தால் தொடை முறிவது 2 பேருக்கு. ஆசிய வமிசப் பெண்களுக்கோ 91 தடுக்கப்படும். 8 பேருக்குத் தொடை முறியும்.

ஆசியப் பெண்களுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனாலும் லாபமே அதிகம்!

மாத்திரையை நிறுத்தினாலும் மருந்து பல காலம் எலும்பில் தங்கியிருக்கும். அதனால், முறிவு அபாயம் குறைவாக உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகு டாக்டர்கள் ஓய்வு கொடுக்கிறார்கள். தொடையிலோ கவட்டியிலோ வலி கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் 'டெனோசுமாப்' ஊசி அப்படி அல்ல. மாற்று மருந்து இல்லாமல் அதைப் பாதியில் விட்ட சிலருக்கு, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்திருக்கின்றன.