மணி கோக்கக் கற்பிப்பவர் யார்?

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் தறிக்கார வீடுகளில் கை ஓய்ந்துவிடுகிறது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி ஏற்றுவதற்கு வெயில் வேண்டும். குழித்தறியில் நீர் ஊறினால் கால் வைக்கவும் இயலாது. ஆகவே இம்மாதங்களில் வீட்டுப் பெண்டிர்க்கு உபதொழில் ஒன்று தேடித் தர வேண்டும் என்ற பேச்சு சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. அண்மைக் காலமாக அப்பேச்சு மணி கோத்து மாலை செய்யும் தொழிலின்மேல் வந்து நிற்கிறது. முதல் சிறிது, இடம் ஒரு பாய் அளவு, கருவி என்று சொல்ல ஊசியும் குறடும் போதும். பொருத்தமான தொழிலே. ஆயினும் இத்தொழிலைக் கற்பிக்கப் போகிறவர் யார், அவருக்குச் சங்கம் என்ன தரப்போகிறது, கற்றவர்கள் செய்த மாலை யாருடைய விரிப்புக்கு எதிரே விற்பனைக்கு வரும் என்ற வினாக்களை எவரும் எழுப்பக் காணோம். அவற்றை எழுப்புவது நம் கடமை என்று கருதுகிறோம்.

மணித்தொழில் நெசவாளர் நாட்டுக்கு அயலானதன்று. சென்னிமலைக்கு அணித்தே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்ற சிற்றூர் இருக்கிறது. 1980களில் தொடங்கிப் பலமுறை அங்கு அகழாய்வு நடைபெற்றது. பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றில் செய்த மணிகள் அங்கு கிடைத்தன. முடிந்த மணிகள் மட்டுமல்ல. உடைத்த கல், பாதி துளையிட்ட கல், மெருகேறாத கல் என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் இருந்தது. அதே மண்ணில் நூல் நூற்கும் கதிருக்கான சுடுமண் வட்டுகளும் கிடைத்தன. மணிக்காரனும் நூற்பவளும் ஓரூரில் வாழ்ந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்ற ஊரை அணிகலன்களுக்காகக் குறிப்பிடுகிறது. அது இவ்வூரே என்பது ஆய்வாளர் கொள்கை.

கல்மணி இவ்வாறிருக்க, கண்ணாடி மணிக்குப் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு பெயர் பெற்றது. உருகிய கண்ணாடிப் பிண்டத்துள் இரும்புக் குழலைச் செலுத்தித் துளை உண்டாக்கி, அதை நெடுங்குழாயாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவது அம்மணியின் செய்முறை. ஆந்திரத்தில் காளத்திக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி இழுத்ததை 1980களில் ஆய்வாளர் நேரில் கண்டு எழுதினர். இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் ஏட்டில் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்கு மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று நம் கோயில் தெருக்களிலும் பேருந்து நிலையங்களிலும் மணித்தொழிலைக் கையில் வைத்திருப்பவர்கள் நரிக்குறவர்கள். தம்மை வாக்ரி என்று சொல்லிக்கொள்ளும் இம்மக்களின் பழைய ஜீவனம் வேட்டை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவ்வழி அடைபட்டது. முன்பே பக்கத்தொழிலாக இருந்த பாசிமணியும் ஊசியும் முழுத்தொழிலாயின. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. இடையில் கழிந்தவை ஐம்பத்தேழு ஆண்டுகள். பட்டியலில் பெயர் ஏறியதால் படிப்புக்கும் பணிக்கும் சிறிது வழி பிறக்கும். தெருவில் விரித்த துணியின்மேல் நடக்கும் வியாபாரத்துக்கு அதனால் உடனடிப் பாதுகாப்பு ஒன்றுமில்லை.

அந்த விரிப்பருகே நின்று அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு, இது எவரும் ஒருநாளில் பழகிக்கொள்ளும் கைவேலையன்று என்பது விளங்கும். மணியின் துளையில் கம்பியைச் செலுத்தி, குறட்டால் முனையை வளையமாக முறுக்கி, அவ்வளையத்தில் அடுத்த மணியை மாட்டுகிறார்கள். வாடிக்கையாளரிடம் விலை பேசும் போதும், குழந்தையை அதட்டும் போதும் கை நிற்பதில்லை. கண் கையைப் பார்ப்பதுமில்லை. வளையம் முழுதும் மூடாவிட்டால் அது சேலையின் இழையைப் பற்றி இழுக்கும். நெய்கிறவர்களுக்கு இதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. நூலில் கோக்கும் மாலையாயின் வேறு நுட்பம் உண்டு. முனை மழுங்காத மணி நூலை அறுக்கும். விரல் நுனியில் உருட்டிப் பார்த்து அத்தகைய மணியை ஒதுக்க வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு பூச வேண்டும். விலையுயர்ந்த மணிகளுக்கு இடையிடையே முடிச்சிட வேண்டும். அப்போது மாலை அறுந்தாலும் ஒரு மணி விழுமேயன்றி அத்தனையும் சிதறிவிடாது.

நம்மவர்க்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. நூலுக்கு நம்பர் ஏற ஏற இழை மெலிவது போல, பாசிமணிக்கும் நம்பர் ஏற ஏற மணி சிறுக்கிறது. 8 நம்பர் மணி சுமார் 3 மில்லிமீட்டர். 11 நம்பர் மணி 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தறிக்கார வீட்டுப் பெண்ணுக்கு இக்கணக்கு கேட்டவுடன் பிடிபடும். இழை எண்ணிப் பழகிய கண் மணி எண்ணவும் தயங்காது.

கூலிக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 11 நம்பர் மணி அங்குலத்துக்குச் சுமார் 18 கொள்ளும். 16 அங்குலச் சரத்துக்கு 288 மணி. ஐந்து சர மாலைக்கு 1,440. பழகிய கை நிமிடத்துக்கு 20 மணி கோக்கும் என்று வைத்துக்கொண்டாலும் கோப்பதற்கு மட்டும் 72 நிமிடம் ஆகிறது. மணி பிரிக்கவும், முடிச்சிடவும், கொக்கி பூட்டவும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் என்பது மிகையன்று. அந்த மாலையைக் கையில் எடுப்பவர் பாதி விலைக்குக் கேட்கிறார். சரக்கின் முதல் குறையாது. குறைவது அந்த இரண்டு மணி நேரத்தின் கூலியே. கைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலையின் விலைக்குக் கேட்கும்போது நாம் கொதிக்கிறோமே, அதே அநீதிதான் இங்கும் நடக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. நமக்குச் சங்கம் இருக்கிறது. கூலி நிர்ணயம் இருக்கிறது. வைப்பறையில் சரக்கை இருத்தி வைக்க இடமிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர்க்கு அன்றைய விற்பனை அன்றைய சோறு.

இந்நிலையில் சங்கம் நகரத்திலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, முப்பது பெண்களுக்கு முப்பது நாளில் ஒரே மாதிரி மாலையைக் கற்பித்து, சான்றிதழ் வழங்கி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுமானால் விளைவு என்ன? முப்பது வீடுகளிலும் ஒரே மாலை தேங்கும். விற்காத மாலையை எந்த விலைக்கேனும் தள்ள வேண்டி வரும். அது சென்று நிற்கும் இடம் அதே கோயில் தெரு. தறி உள்ளவர்களின் மழைக்கால வரும்படி, தறி இல்லாதவர்களின் ஆண்டு முழுமைக்குமான சோற்றில் கை வைக்கும். கூட்டுறவு என்ற பெயரில் இதைச் செய்ய நமக்கு மனம் ஒப்பவில்லை.

“தொழில் எவருக்கும் பட்டா அல்லவே, கற்றவர் எவரும் செய்யலாம்” என்று அங்கத்தினர் சிலர் கூறுவர். உண்மையே. நெசவும் எவருக்கும் பட்டா இல்லைதான். எனினும் நம் ஊர்ப் புட்டாவை வேறோர் ஊர் எடுத்து மலிவாக நெய்து, நம் ஊர்ப் பெயரிலேயே விற்றபோது, புவிசார் குறியீடு வேண்டும் என்று மனு எழுதியவர்கள் நாம். நமக்கு ஒரு நியாயம், விரிப்புக் கடைக்கு ஒரு நியாயம் என்று இருத்தல் தகாது.

ஆகவே நாம் வேண்டுவது இது: மணி கோக்கக் கற்பிக்கும் இடத்தில் நரிக்குறவப் பெண்டிரை ஆசிரியராக அமர்த்த வேண்டும். சங்கத்தின் கணக்கில் அவர்களுக்கு நாட்கூலி, போக்குவரத்துச் செலவு இரண்டும் எழுத வேண்டும். அக்கூலி நகரத்துப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதற்கு ஒரு காசும் குறையலாகாது. எழுத்தறியாதவர் எவ்வாறு ஆசிரியராவார் என்று கேட்பவர்கள், நமக்கு நாடா எறியக் கற்பித்த பாட்டனார் எந்தப் பள்ளியில் பட்டம் பெற்றார் என்று எண்ணிப் பார்க்கட்டும். துணைவிதி இடம் தருமாயின் அவர்களை இணை அங்கத்தினராகவும் சேர்க்கலாம். நிலையான குடியிருப்பு இல்லையென்ற பழைய காரணம் பல ஊர்களில் இன்று பொருந்தாது. மணியும் கம்பியும் மொத்தமாக வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்தே சங்கம் வாங்கித் தரலாம். நூல் கொள்முதலில் நாம் நெடுங்காலமாகச் செய்து வருவதுதானே!

விவசாய அங்கத்தினருக்கும் இதில் பங்குண்டு. முற்றிக் கட்டையான துளசித் தண்டு மணி கடைய உதவும். இன்று அது பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. மஞ்சாடி மரத்தின் சிவந்த விதையும் மாலைக்கு ஆகும். குன்றிமணியை மட்டும் தொட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். அதன் அழகு பெரிது, நஞ்சும் பெரிது. தோல் உடையாத வரை தீங்கு குறைவு. துளையிட்டால் தோல் உடைந்துவிடுகிறது. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளில் அதற்கு இடமில்லை.

இனிக் காலத்தைப் பற்றி ஒரு சொல். நம் கை ஓயும் கார்த்திகையும் மார்கழியும்தான் ஐயப்பன் மாலைக்கும் துளசிமணிக்கும் விற்பனைக் காலம். நரிக்குறவர்கள் அப்போது குடும்பத்தோடு வெளியூர்த் திருவிழாக்களைச் சுற்றுகிறார்கள். அம்மாதங்களில் அவர்களைக் கற்பிக்க அழைப்பது, தீபாவளி வாரத்தில் நெசவாளரைப் பயிற்சிக்கு அழைப்பது போன்றதே. அவர்களுக்கோ அப்போது விற்க நேரமுண்டு, கோக்க நேரமில்லை. நமக்குக் கோக்க நேரமுண்டு, விற்கத் தெரு தெரியாது. ஆடியிலேயே அவர்களைக் கண்டு பேசிக் கூலியை முடிவு செய்து, புரட்டாசியில் பத்துப் பேருக்கு மட்டும் கற்பித்தால், ஐப்பசி மழையில் கோத்த சரங்களைக் கார்த்திகை முதல் நாளுக்குள் அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். கோத்தவருக்கு எவ்வளவு, விற்றவருக்கு எவ்வளவு என்பதை இரு சாராரும் ஒரே பாயில் அமர்ந்து பேசித் தீர்மானிக்கட்டும். அந்தப் பேச்சுக்கு எதிர்வரும் நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இடம் ஒதுக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.