சுருங்கும் மூட்டை, சுருங்காத பானை



சென்ற வருடம் வன்னிக் கிராமம் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நுண்கடன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெண்பலகை நிறைய எண்கள். பின்வரிசையிலிருந்த ஓர் அக்கா கையை உயர்த்தினார். கணவர் காணாமற் போனவர். கோழி வளர்த்து இரண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்த்து வருபவர்.

"தங்கச்சி, நான் ஒவ்வொரு கிழமையும் கட்டிக்கொண்டுதானே வாறன். கடன் குறையுது. வட்டி மட்டும் ஏன் குறையேல்லை?"

கேள்வி மிகச் சரியானது. என் விளக்கம்தான் எடுபடவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், ஆனால் ஒருவருக்கும் விளங்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். கிழமைக்குக் கிழமை மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை, அசையாத பலகையில் எழுதிக் காட்டினால் எப்படி விளங்கும்? அசைவூட்டப் படமாகக் காட்டினால் என்ன?

அசைவூட்டம் எனக்குப் புதிதல்ல என்றுதான் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், விடுமுறையில் பயிற்சி நெறி ஒன்றுக்குப் போய் பிளாஷ் மென்பொருளைக் கற்றிருந்தேன். 1996இல் வேறொரு பெயரில் வெளிவந்து, மக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்குப் போய், 2005இல் அடோபியிடம் சேர்ந்த மென்பொருள் அது. ஒரு காலத்தில் இணையத்தில் அசைந்த படங்களில் பெரும்பாலானவை பிளாஷில் செய்யப்பட்டவையே. ஆனால் அவற்றை ஓடவிடும் பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசெம்பர் 31ஆந் திகதியுடன் அடோபி நிறுத்திவிட்டது. படம் செய்யும் மென்பொருளின் பெயரும் 2016இலேயே அனிமேற் என மாறியிருந்தது. அதைச் சந்தா கட்டிப் பெறும் வசதி எனக்கு இல்லை.

சான்றிதழ் கோப்பில் பத்திரமாக இருந்தது. கைக்கு ஒன்றும் வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் பாடமாக்கியிருந்தேன். பொத்தான்கள் போனதும் படித்ததும் போய்விட்டது.

ஆகவே மறுபடியும் அரிவரியிலிருந்து தொடங்கினேன். சின்ஃபிக் ஸ்ரூடியோ என்றொரு மென்பொருள் உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கப்படுவது. ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. ஒருமுறை இறக்கிக் கணனியில் நிறுவிவிட்டால் பிறகு இணைய இணைப்பும் தேவையில்லை.

இதன் அடிப்படை மிக எளியது. ஒரு செக்கனுக்கு 24 படங்கள் கண்முன் ஓடினால் நமக்கு அது அசைவாகத் தெரிகிறது. அப்படியென்றால் 20 செக்கன் படத்துக்கு 480 படங்கள். அத்தனையையும் யார் வரைவது என்று மலைக்க வேண்டாம். தொடங்கும் நிலையையும் முடியும் நிலையையும் நாம் குறித்துக் கொடுத்தால், இடைப்பட்டவற்றைக் கணனியே நிரப்பிவிடும். நாம் குறிக்கும் அந்த நிலைகளைக் கீ பிரேம் என்பார்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பது நாம். கோடு இழுப்பது கணனி.

முதல் கிழமை முழுவதும் தோல்விதான். வட்டம் ஒன்றை வரைந்து இடமிருந்து வலமாக நகர்த்தினேன். ஓடவிட்டுப் பார்த்தால் வட்டம் வலப்பக்கத்தில் சும்மா நிற்கிறது! அசைவைப் பதிவு செய்யும் பொத்தானை நான் அழுத்தவில்லை. மறுநாள் அதை அழுத்தினேன், ஆனால் அணைக்க மறந்துவிட்டேன். மூட்டையின் வாயைத் திருத்தியபோது அந்தத் திருத்தமும் ஓர் அசைவாகப் பதிந்து, மூட்டை வாயைக் கோணிக்கொண்டு நின்றது. அந்தப் பொத்தான் இயங்கும்போது படத்தைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் தெரியும். "சிவப்பா, இல்லையா?" என்று பார்த்துவிட்டுக் கைவைக்கப் பழகியதும் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

நான் செய்த படம் இதுதான். உதாரணத்துக்கு 52,000 ரூபா கடன், 52 கிழமைகள், வருடத்துக்கு 24 வீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்கும் முதலிலேயே கணக்கிட்டால் வட்டி 12,480 ரூபா. கிழமைக்கு முதல் 1,000, வட்டி 240. திரையில் கடன் ஒரு மூட்டை, கிழமை வட்டி ஒரு பானை. கிழமைகள் ஓட ஓட மூட்டை சுருங்குகிறது. பானை மட்டும் அப்படியே இருக்கிறது. கடைசிக் கிழமை மூட்டையில் மிஞ்சியிருப்பது 1,000 ரூபா. பானையோ அதே 240!

அடுத்த காட்சியில், மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி. மூட்டையோடு பானையும் சுருங்கி, கடைசிக் கிழமை வட்டி 5 ரூபாவுக்கும் குறைகிறது. மொத்த வட்டி 6,360 ரூபா. இரண்டிலும் சொல்லப்படுவது அதே 24 வீதம்தான்.

அடுத்த கூட்டத்தில் மடிகணனியைச் சுற்றி எல்லோரும் நின்று பார்த்தார்கள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அக்கா மெதுவாக, "அப்ப நான் கட்டி முடிச்ச காசுக்கும் வட்டி கட்டியிருக்கிறன்" என்றார். மூன்று மாதமாக நான் சொல்ல முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"நீங்களே இப்பிடிச் செய்யலாம் அக்கா" என்றேன். "இதெல்லாம் படிச்ச ஆக்களின்ர வேலை" என்று சிரித்தார். அவருக்கு நீனா பேலி என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் சித்திரக்கதை வரைபவர். கணவர் மின்னஞ்சல் மூலம் உறவை முறித்துக்கொண்டார். அந்தத் துயரோடு சீதையின் கதையையும் சேர்த்து, தன் கணனியில் பிளாஷ் கொண்டு பெரும்பகுதியைத் தாமே செய்து, 82 நிமிட முழுநீளப் படம் ஒன்றை 2008இல் வெளியிட்டார். "சீதா சிங்ஸ் த புளூஸ்" என்பது அதன் பெயர். 2013இல் அதை எவரும் பயன்படுத்தும்படி பொதுச் சொத்தாகவும் ஆக்கிவிட்டார்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மூட்டையைக் கோழித்தீன் மூட்டையா மாத்துங்கோ. எங்கட சனத்துக்கு அதுதான் விளங்கும்" என்றார். சுட்டியை அவர் கையில் கொடுத்தேன். அன்று மூட்டையின் நிறம் மட்டும் மாறியது. அடுத்த முறை படத்துக்குத் தன் குரலில் விளக்கம் பேசினார்.

சகோதரிகளே, இது நாளைக்கே வருமானம் தரும் என்று நான் சொல்லமாட்டேன். அசைவூட்டம் படிப்பிக்கிறோம் என்று பணம் கேட்பவர்களிடம், எந்த மென்பொருள், நெறி முடிந்த பின்னும் அதை நான் பணம் கட்டாமல் பாவிக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். பிள்ளைகளின் உதவியோடு ஒரு வட்டத்தை நகர்த்திப் பாருங்கள். பிறகு உங்கள் கிராமத்தில் விளங்காமல் இருக்கும் ஒரு விடயத்தை எடுத்து, அதில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று தாளில் எழுதுங்கள். மென்பொருள் இன்னும் பல வரும், போகும். அந்தத் தாளில் எழுதுவதை எந்த மென்பொருளிலும் செய்யலாம்.

அந்த அக்கா இப்போது இரண்டாவது படத்துக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறார். தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்பதே தலைப்பு. கடன் எடுப்பதற்கு முன்பு தான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் அதில் சேர்க்கப்போகிறாராம்.