குதிரைப் பந்தயத்துக்கு வக்கீலா?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் என்றால் மலை உச்சியில் ஜோதி, கீழே சந்தை. மாடுகள் வரும். மாடுகளோடு குதிரைகளும் வரும். வாங்க வருகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்களே அதிகம். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "அதோ பார், வெள்ளைக் குதிரை!" என்று காட்டாத தகப்பன் உண்டா?

பதினைந்து ஆண்டு கழித்து அதே பிள்ளை வந்து, "அப்பா, நான் சட்டம் படிக்கப் போகிறேன். குதிரைப் பந்தய வழக்குகளை நடத்தப் போகிறேன்" என்று சொன்னால்?

வீட்டில் இடி விழுந்தது போல் ஆகிவிடும்!

"பந்தயமா? குடும்ப மானம் என்ன ஆவது?" என்பார் தகப்பனார். தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. "ரேஸ்" என்ற சொல் எத்தனையோ வீட்டுப் பத்திரங்களை அடகுக்கு அனுப்பியது. சம்பளப் பணத்தோடு கிண்டிக்குப் போய், திரும்பி வர ரெயில் கட்டணம் இல்லாமல் நின்றவர்கள் கதை பழைய தலைமுறைக்குத் தெரியும்.

ஆனால், பந்தயம் கட்டுவது வேறு. பந்தய வழக்கை நடத்துவது வேறு. கொலை வழக்கில் வாதாடும் வக்கீல் கொலைகாரர் ஆகிவிடுவாரா?

ஓடியது யார்?

அருணாசலத் தல புராணத்தில் ஒரு குதிரைக் கதை உண்டு. வச்சிராங்கத பாண்டியன் வேட்டைக்கு வந்தான். ஒரு புனுகுப் பூனையைக் கண்டு, குதிரை மேல் ஏறி விரட்டினான். பூனை மலையைச் சுற்றி ஓடியது. குதிரையும் சுற்றி ஓடியது. இரண்டும் களைத்து விழுந்தன. உடனே சாபம் நீங்கி, வித்தியாதரர்களாக மாறி வானுலகம் சென்றன. மன்னன் மட்டும் தரையில் நின்றான். கால் நோக மலையைச் சுற்றியது அவன் அல்லவே! பலன் ஓடியவர்களுக்குத்தான்.

பந்தய மைதானத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஓடுவது குதிரை. உயிரைப் பணயம் வைத்து அதன் முதுகில் குனிந்திருப்பவர் ஜாக்கி. விடியுமுன் எழுந்து அதைத் தேய்த்துக் குளிப்பாட்டுபவர் லாயத்துத் தொழிலாளி. பணம் போகும் இடங்களோ வேறு: குதிரையின் சொந்தக்காரர், கிளப், சர்க்கார், பந்தயத்தில் ஜெயித்தவர். யாருக்கு எவ்வளவு என்ற தகராறு வரும் இடத்தில்தான் வக்கீல் வருகிறார்.

22 ஆண்டு வழக்கு

சென்னை ரேஸ் கிளப் 1896-ல் அமைந்தது. 1974-ல் மு. கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. விவகாரம் கோர்ட்டு ஏறியது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே சர்க்கார் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. அதுவும் கோர்ட்டுக்குப் போனது.

1996 ஜனவரி 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர். குதிரைப் பந்தயம் சூதாட்டமா, திறமை ஆட்டமா? இதுதான் கேள்வி. குதிரையின் வம்சம், அதற்குக் கொடுத்த பயிற்சி, ஓட்டுகிறவரின் சாமர்த்தியம், இவைதான் வெற்றியைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஆகவே அது திறமை ஆட்டமே என்றது கோர்ட்டு. கிளப்பை எடுத்துக்கொள்ளும் சட்டமும் செல்லாது என்றது.

1974-ல் பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது தானே சட்டம் படிக்கும் வயதுக்கு வந்திருக்கும்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திறமை ஆட்டம் என்று கோர்ட்டு சொன்னது சட்டத்தின் பாஷை. அரிசிக்கு வைத்த பணம் தொலைந்தால், அது திறமையால் தொலைந்ததா, அதிர்ஷ்டத்தால் தொலைந்ததா என்று அடுப்பு கேட்பதில்லை. தீர்ப்பைக் காட்டிப் பந்தயம் கட்டச் சொல்லும் நண்பனை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

நிலமும் வரியும்

பந்தய வழக்கு என்றால் குதிரை முன்னே வந்து நிற்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் முன்னே நிற்பது நிலம். கிண்டி மைதானம் சுமார் 160 ஏக்கர். 1940-களில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சில்லறை! இன்று கிண்டியில் ஒரு அறைக்குக்கூட ஒரு மாதம் அது காணாது. வாடகை பாக்கி பற்றிய வழக்கு பல ஆண்டு நடந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து, மைதானத்துக்குச் சீல் வைத்தது. அதே ஆண்டு ஊட்டி பந்தய மைதான நிலத்தையும் அரசு மீட்டது.

அடுத்தது வரி. பந்தயத்தில் கட்டும் பணத்துக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆனது. இதிலும் வழக்குகளுக்குப் பஞ்சம் இல்லை.

ஆகவே, தமிழ்நாட்டில் பந்தயத்தை மட்டுமே நம்பி ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டு மாட்டினால், அடுப்பு எரிவது சந்தேகம். மைதானமே சீல் வைக்கப்படும் தொழில் இது. நிலச் சட்டம், வரிச் சட்டம், தொழிலாளர் சட்டம் மூன்றையும் ஆழமாகக் கற்றுக்கொண்டு, பந்தயத்தை அதில் ஒரு கிளையாக வைத்துக்கொண்டவர் பிழைப்பார். பிள்ளைக்குப் பெற்றோர் சொல்ல வேண்டிய புத்தி இதுதான். "மானம் போச்சு" என்பது அல்ல.

யாருக்காக?

பெரிய கிளப்புகளுக்கும் குதிரை முதலாளிகளுக்கும் டெல்லியிலேயே பெரிய வக்கீல்கள் கிடைப்பார்கள். லாயத்துத் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்? குதிரை உதைத்துக் கை முறிந்தால் அவர் எங்கே போவார்?

பெங்களூர் டர்ஃப் கிளப் வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. ரேஸ் கிளப்புகளும் தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ் சட்டத்துக்கு, அதாவது இ.எஸ்.ஐ.க்கு, உட்பட்டவையே என்றது. பந்தயச் செய்திகளைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜெயித்த குதிரையின் பெயர் தெரியும். அவ்வளவுதான். விதி மீறினார் என்று ஒரு ஜாக்கியை ஓட விடாமல் நிறுத்தினால், அவர் பக்கத்தைக் கேட்டார்களா என்று கேட்கவும் ஆள் வேண்டும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. வாய் இல்லாத குதிரைக்காக அதை எடுத்துப் பேசவும் ஆள் வேண்டும். திருவண்ணாமலைப் பிள்ளை வக்கீலாகப் போக வேண்டிய இடம் இதுவே.

வழி கஷ்டமானது அல்ல. பிளஸ்-2 முடித்தவருக்கு 5 ஆண்டுப் படிப்பு. பட்டதாரிக்கு 3 ஆண்டு. பக்கத்திலேயே வேலூரிலும் விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. முடித்தபின் பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும்.

முதல் கட்சிக்காரரைத் தேடிச் சென்னைக்கு ஓட வேண்டியதும் இல்லை. கார்த்திகைச் சந்தையில் வாய்ப் பேச்சை நம்பிக் குதிரையை வாங்கிக்கொண்டு போகிறவர் இருப்பார். பத்தாம் நாள் அது நொண்டினால், விற்றவர் எந்த ஊர் என்பதும் தெரியாது. 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் குதிரைக்கும் பொருந்தும். வயது, நிறம், அடையாளம், நோய் உண்டா இல்லையா என்று நாலு வரி எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுக்கச் சந்தையில் ஓர் இளம் வக்கீல் உட்கார்ந்தால் போதும். குதிரை கைமாறுவதற்கு முன்பே அவருக்கு வேலை வந்துவிடும்.