நல்ல கேன்சர் என்று ஒன்று உண்டா?

தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்த அன்றே நோயாளியின் காதில் ஒரு ஆறுதல் விழுந்துவிடுகிறது. 'கவலைப்படாதீர்கள், கேன்சர்களிலேயே இது நல்ல கேன்சர்.' டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த நோயில் மிக அதிகமாகக் காணப்படும் பாப்பில்லரி வகை மெதுவாக வளரக்கூடியது. ஆபரேஷனுக்கும் அதன்பின் தரப்படும் கதிரியக்க அயோடினுக்கும் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. ஆரம்ப நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல பத்தாண்டுகள் வாழப் போகிறவருக்கு அந்தப் பத்தாண்டுகளை எப்படி வாழ்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆண்களைவிடப் பெண்களையே இந்த நோய் சுமார் மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. அதுவும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களை, அதாவது வேலைக்குப் போகிற, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற, கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களைக்கூட விடுவதில்லை. முப்பது வயதில் சுரப்பியை முழுதாக இழந்தவர் எழுபது வயதுக்குள் விழுங்க வேண்டிய தைராக்ஸின் மாத்திரைகள் சுமார் 14,600. முடி கொட்டவில்லை, உடல் இளைக்கவில்லை, பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறார். எனவே, 'இன்னும் என்ன களைப்பு?' என்று வீடு கேட்கிறது. 'நல்ல கேன்சர்' என்று சொன்ன பிறகு நோயாளியும் வாய் திறப்பதில்லை.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி தைராய்டு. அதன் பின்புறம் ஒட்டிக்கொண்டு, அரிசி அளவில், வழக்கமாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். பக்கத்திலேயே குரல் நாண்களுக்குப் போகும் நரம்புகள். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனாக இருந்தாலும் இந்த இடத்தில் கத்தி வைப்பது எளிதல்ல. பாராதைராய்டு அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல் இருக்கும், கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். பலருக்கு சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. சிலருக்கு கால்சியம் மாத்திரை வாழ்நாள் துணையாகிறது. குரல் நரம்பு சீண்டப்பட்டால் குரல் கம்மும், உரக்கப் பேச வராது. வகுப்பறையில் நாள் முழுவதும் பேச வேண்டிய ஆசிரியைக்கும், பாடகருக்கும், சந்தையில் கூவி விற்பவருக்கும் அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது அயோடின். தைராய்டு செல்களுக்கு அயோடின் மேல் தனி மோகம். உடலில் எங்கே ஒளிந்திருந்தாலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆசையையே தூண்டிலாகப் போட்டு, கதிரியக்கமுள்ள அயோடின் - 131ஐக் கொடுத்தால் மிச்சமிருக்கும் செல்கள் அதை விழுங்கி அழிகின்றன. 1940களில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வைத்தியத்துக்கு இந்தியாவில் நீண்ட பாரம்பரியம் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் 1963இல் மும்பை பரேலில் தொடங்கப்பட்டது. இன்று பல பெரிய நகரங்களில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

ஆனால் மருந்தை விழுங்குவதற்கு முன்பே சோதனை தொடங்கிவிடுகிறது. செல்களுக்கு அயோடின் பசி எடுக்க வேண்டும் என்பதற்காக ஒன்று முதல் இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவு. கடல் மீன் கூடாது, பால் தயிர் கூடாது, முட்டையின் மஞ்சள் கூடாது, முக்கியமாக அயோடின் உப்பு கூடாது. இந்தியாவில் இதுதான் பெரும்பாடு. கழுத்துக் கழலையை ஒழிக்க 1962இலேயே தேசியத் திட்டம் தொடங்கிய நாடு இது. அயோடின் கலக்காத சமையல் உப்பு விற்பனைக்கு 1997இல் தடை வந்தது, 2000இல் விலக்கப்பட்டது, 2006இல் திரும்பவும் அமலுக்கு வந்தது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு நன்மை செய்த அந்த உப்பு இவருக்கு மட்டும் இரண்டு வாரம் பகை. கல் உப்பு என்றால் அயோடின் இருக்காது என்பது பழைய கணக்கு. இந்துப்பு பாக்கெட்டுகள் சிலவற்றில்கூட அயோடின் சேர்த்திருக்கிறார்கள். லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஊறுகாய், அப்பளம், பிரெட், ஹோட்டல் இட்லி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. இதை டயட் சார்ட்டைவிட, ஏற்கெனவே இரண்டு வாரம் சமைத்துச் சாப்பிட்ட ஒருவரே தெளிவாகச் சொல்ல முடியும்.

கூடவே மூன்று, நான்கு வாரம் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமலே வேலையை முடிக்கும் ஊசி உண்டு. அதன் விலை பலருக்கு எட்டாதது. ஹார்மோன் இல்லாத உடம்பு மெல்ல மெல்ல அணைகிறது. வெயிலிலும் குளிர்கிறது, முகம் வீங்குகிறது, படித்த வரியே மறந்துபோகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. இது நோய் முற்றியதன் அடையாளம் அல்ல, ஹார்மோன் இல்லாததன் விளைவு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் சில வாரங்களில் விலகிவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தெரியாதவர்கள், தங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நடுங்குகிறார்கள்.

அயோடின் கொடுத்த பிறகு சில நாள் தனி அறை. சாப்பாடு வாசலில் வைக்கப்படும், பார்க்க யாரும் வர முடியாது. அயோடின் - 131இன் கதிரியக்கம் பாதியாகக் குறைய எட்டு நாள் ஆகும் என்றாலும், உடம்பில் தங்காத அயோடினில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரில் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் குறிப்பிடும் நாள் வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். தனிப் படுக்கை வேண்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஒரே அறையில் ஆறு பேர் வசிக்கும் மும்பை குடியிருப்பில், பொதுக் கழிப்பறை உள்ள தெருவில், 'அம்மா' என்று ஓடிவரும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எதைச் சொல்லித் தடுப்பது? குழந்தையைப் பத்து நாள் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு சிகிச்சைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த யோசனை அனுபவத்தில் வந்தது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. அடுத்த கர்ப்பத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். அதன்பின் பிள்ளை பெறுவதற்குப் பொதுவாகத் தடை ஏதும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை உரக்கச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனையோ வீடுகளில் மாமியார்கள் வேறு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவது தினசரி வாழ்க்கை. தமிழர்களுக்கு அதில் முதல் அடி காபியில் விழுகிறது. தைராக்ஸினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிபனும் காபியும். காபி மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாதவர்கள், ரமலான் நோன்பு இருப்பவர்கள், டாக்டரிடம் கேட்டு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து இரவில் எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்திலும் ஈரமான குளியலறையிலும் வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். கம்பெனி மாறினால் சில வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

சில நோயாளிகளுக்கு, நோய் திரும்பாமல் இருக்க, தேவையைவிடச் சற்றே அதிக டோஸ் கொடுத்து டி.எஸ்.ஹெச். அளவை வேண்டுமென்றே அழுத்தி வைக்கிறார்கள். விளைவு: படபடப்பு, தூக்கமின்மை, காலப்போக்கில் எலும்புத் தேய்மானம். விவரம் தெரியாத வேறு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, 'டோஸ் ஜாஸ்தி' என்று குறைத்துவிடுவதும் நடக்கிறது. முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு குழப்பம். அது சில பரிசோதனை முறைகளில் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அவை குறுக்கிடுவது சுரப்பியின் வேலையில்தான். சுரப்பியே முழுதாக எடுக்கப்பட்டவருக்கு அந்தத் தடையில் அர்த்தம் இல்லை.

உடம்புக்கு மாத்திரை இருக்கிறது. கழுத்துத் தழும்புக்குத் துப்பட்டா இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, தைரோகுளோபுலின் ரிப்போர்ட் வரும்வரை தூக்கம் கெடுகிறதே, அதற்கு? இந்த நோய் பத்து, இருபது ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது. அந்த பயம் மிகையானது அல்ல. அதைப் பேசுவதற்கு, அதே பயத்தோடு வாழ்ந்துகொண்டிருக்கும் இன்னொருவர் வேண்டும்.

இந்த யோசனை புதிதல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட டெரீஸ் லாஸர், அதே நிலையில் இருந்த பெண்களைச் சந்தித்துப் பேசுவதற்காக 1952இல் அமெரிக்காவில் ஒரு இயக்கத்தைத் தொடங்கினார். இந்தியாவில் புற்றுநோயிலிருந்து மீண்ட ஹர்மலா குப்தா 1991இல் தில்லியில் கேன்சர் சஹயோக் குழுவைத் தொடங்கினார். இன்னொரு மீண்டவரான வந்தனா குப்தா 1994இல் மும்பையில் வி கேர் ஃபவுண்டேஷனை ஆரம்பித்தார். தைராய்டு புற்றுநோய்க்கென்றே 1995இல் அமெரிக்காவில் தைகா என்ற அமைப்பு உருவானது. நம் ஊரில் பெரும்பாலும் இந்த வேலை நடப்பது அணு மருத்துவப் பிரிவின் வாசலில், வரிசை எண் கூப்பிடக் காத்திருக்கும் பெஞ்சில். பிகாரிலிருந்து வந்தவரும் திருநெல்வேலிக்காரரும் அரைகுறை இந்தியில் உப்பைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். சிகிச்சைக்கும் மறு பரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ரயில் கட்டணம் முழு விலக்கு, உடன் வருபவருக்கு 75 சதவீதச் சலுகை என்பது பலருக்கு அந்த பெஞ்சில்தான் தெரியவருகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு மருந்துச் சீட்டு ஆகாது. பாதிச் சுரப்பி மட்டும் எடுக்கப்பட்ட சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது. மெடுல்லரி என்ற வகை கதிரியக்க அயோடினுக்கு மசியாது. அதில் ஒரு பகுதி பரம்பரையாக வருவதால் குடும்பத்தினருக்கும் மரபணுப் பரிசோதனை வேண்டும். அனாப்பிளாஸ்டிக் என்ற அரிய வகை மிகக் கொடியது. அந்த நோயாளியின் வீட்டாரிடம் 'நல்ல கேன்சர்' என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். 'மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயம் குடி' என்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். எனவே உருப்படியான குழுக்களுக்கு எளிய விதி ஒன்று போதும்: எப்படிச் சமாளித்தோம் என்று பேசலாம், எத்தனை மைக்ரோகிராம் என்று மட்டும் பேசக் கூடாது. அது டாக்டர் வேலை.

பெஞ்சில் தற்செயலாக நடப்பதை மருத்துவமனைகள் ஏற்பாடாகவே செய்யலாம். செலவு அதிகம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது நோயாளியின் தாய்மொழியில் ஒரு பக்கக் குறிப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒரு அறை. ஓராண்டு தாண்டிய நோயாளிகளில் விருப்பமுள்ள இருவருக்குச் சிறிது பயிற்சி. அந்த அறைக்கு முதல் தடவை வருகிறவர் கேட்கப் போகும் கேள்வி ஏறக்குறைய எல்லோரும் கேட்டதாகத்தான் இருக்கும்: 'இந்தக் களைப்பு எனக்கு மட்டும்தானா?' இல்லை என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.