தொழில் தெரிந்தவனிடம் வசூல்

தனக்குத் தொழில் தெரியும் என்று நிரூபிப்பதற்காகவே ஒரு தொழிலாளி நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம். சிங்கப்பூர்க் கட்டடங்களில் வேலை பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் கிளம்புகிறவர்களுக்குப் பல்லாண்டுகளாக நடப்பது இதுதான். நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், குற்றம் எல்லோர் பேரிலும் இருக்கிறது.

அப்படிக் கிளம்புகிறவர் யார்? பள்ளியைப் பாதியில் விட்டுச் சித்தாளாகச் சேர்ந்தவர். செங்கல் சுமந்து, கலவை குழைத்து, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கி, சில வருடம் கழித்துத்தான் அவர் கைக்குக் கரண்டி வந்திருக்கும். வரி போகப் போகச் சுவர் எந்தப் பக்கம் வாங்குகிறது என்று தூக்குக்குண்டு விடுவதற்கு முன்பே அவர் கண் சொல்லிவிடும். பூச்சில் மட்டப்பலகையை இழுக்கும்போது எழும் சத்தத்தை வைத்தே கலவையில் தண்ணீர் கூடிவிட்டதா என்று கண்டுபிடிப்பார். இவ்வளவும் தெரிந்த மனிதர் அரசாங்கக் காகிதத்தில் 'பத்தாம் வகுப்பு தேறாதவர்'. அதற்கு மேல் அவரைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் நடத்தும் திறன் தேர்வில் தேறாமல் இந்தியாவிலிருந்து கட்டுமானத் தொழிலாளியாக அங்கே போக முடியாது. தேர்வு கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. பல மாடி கட்டுகிறவர்கள் ஆளைச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்; நம் ஊரிலும் அப்படிச் சோதித்தால் நல்லது என்று சொல்ல வைக்கும் கட்டடங்கள் இங்கே நிறைய உண்டு. தப்பு, தேர்வைச் சுற்றி வளர்ந்திருக்கும் வியாபாரத்தில் இருக்கிறது. 'டெஸ்ட் அடிக்க' ஒரு தொகை, தேறிய பின் கம்பெனி பிடித்துத் தர இன்னொரு தொகை, நடுவில் ஊர் புரோக்கருக்குத் தனியாக. எல்லாம் சேர்ந்து லட்சங்களில் போய் நிற்கிறது. சம்பளத்தின் முதல் பங்கு மாதாமாதம் வட்டிக்காரருக்குப் போகிறது. கடன் தீரும்வரை அந்த மனிதர் முதலாளி எதிரே வாய் திறக்க முடியாது.

சான்றிதழால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். அங்கே சில வருடம் உழைத்து, இன்னொரு தொழிலிலும் தேர்வு எழுதித் தேறினால் உயர்திறன் வகைக்கு ஏறலாம். அப்படி ஏறிய இந்தியத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாகக் குறைகிறது. மிச்சம் முதலாளிக்கு. ஆளை உள்ளே கொண்டுவந்த முதல் காகிதத்துக்கு மட்டும் தொழிலாளி தன் மனைவியின் தாலிக்கொடியை வைத்துப் பணம் கட்டியிருப்பார். இதை 'விருப்பப்பட்டுத்தானே போகிறார்கள்' என்று சொல்லி ஒதுக்குகிறவர்களுக்கு வெட்கம் வேண்டும்.

டெல்லியின் பங்கும் சின்னதல்ல. 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன, சிங்கப்பூர் இல்லை. பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மீதான ஜிஎஸ்டியும்தான் என்று விதி இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொள்ளும் புரோக்கர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே, அவரை அந்த விதி என்ன செய்யும்? சிங்கப்பூர்ச் சட்டமும் அந்த ஊர் ஏஜென்சி தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதன் கையும் கடல் தாண்டி வருவதில்லை. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் புரோக்கர் வீடு கட்டிக்கொள்கிறார்.

மத்திய அரசு 2015 முதல் திறன் திட்டத்தில், கற்ற தொழிலுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. யோசனை நல்லது. ஆனால் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு சிங்கப்பூர்க் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. வெளிநாட்டு முதலாளி மதிக்காத காகிதத்தை அச்சடித்துக் கணக்குக் காட்டுவதைச் சாதனை என்று நாம் ஏற்க முடியாது.

போலி அனுபவச் சான்று வாங்கிப் போகிறவர்களுக்காக நாம் வாதாடவில்லை. அவர்களால் கெட்ட பெயர் வருவது, நேராகத் தொழில் கற்றவனுக்குத்தான்.

தமிழக அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இங்கே 1994 முதல் இருக்கிறது. கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர் என்று தொழில் வாரியாக அதில் ஆட்கள் பதிந்திருக்கிறார்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வாரியத்துக்கு வந்து சேர்கிறது. அது இந்தத் தொழிலாளிகளின் பேரில் வாங்கிய பணம். பதிந்த தொழிலாளி எழுதும் வெளிநாட்டுத் திறன் தேர்வின் கட்டணத்தை அதிலிருந்து வாரியமே கட்டட்டும். ஆள் எடுக்கும் வேலையை, 1978இல் அரசே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சிங்கப்பூர்க் கம்பெனிகளோடு நேரடியாகப் பேசிச் செய்யட்டும்; செலவை அந்தக் கம்பெனிகளின் கணக்கில் எழுதட்டும். மாட்டோம் என்கிற கம்பெனிகளின் பெயரை மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் ஒட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.