தேதி போடாத மனு

நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் சட்டத்தை 2025 டிசம்பரில் நிறைவேற்றிய ஒன்றிய அரசு, வேலையின்மைப் படிக்கு உயிர் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. பழைய 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த வேலையை ஏற்காதவருக்கும் அழைத்த 15 நாளுக்குள் வராதவருக்கும் மூன்று மாதம் படி கிடையாது. அந்தத் தடையை இப்போது எடுத்துவிட்டார்களாம். படியையே கண்ணால் பார்க்காதவருக்கு இதனால் என்ன லாபம்?

விழுப்புரம் மாவட்டத்தில் கிளியனூர்ப் பக்கம் ஏரி வேலைக்குப் போகும் பெண்கள் வாயால்தான் வேலை கேட்கிறார்கள். “அடுத்த என்எம்ஆர் (வருகைப் பட்டியல்) வரட்டும்க்கா, சொல்லி அனுப்புறேன்” என்கிறார் பணித்தளப் பொறுப்பாளர். கதை அங்கேயே முடிந்தது. கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால்தான் படி. அந்த 15 நாளை எண்ணுவதற்குத் தேதியிட்ட ரசீது வேண்டும். சட்டத்தில் உள்ள அந்த ரசீது கைக்கு வருவதில்லை. வேலைக்கு வந்துவிட்டால் மட்டும் காலையும் மதியமும் நிற்கவைத்துக் கைபேசியில் படம் பிடித்து, நேரத்தோடு ஏற்றுகிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2025-26இல் தமிழ்நாட்டில் இந்த வேலைக்குத் தினக்கூலி 336 ரூபாய். முதல் 30 நாளுக்குக் கால் பங்காவது படி தர வேண்டும்: நாளுக்கு 84, மாதத்துக்கு 2,520 ரூபாய். அதே வீட்டுப் பட்டதாரிப் பிள்ளை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால், மாநில அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அம்மாவின் இரண்டு நாள் கூலிகூட இல்லை. ஆனாலும் அந்த 600 வங்கிக்கு வருகிறது, இந்த 2,520 வருவதில்லை. காரணம் ஒன்றுதான்: பிள்ளையின் பதிவு அட்டையில் தேதி இருக்கிறது, அம்மாவின் கையில் அது இல்லை.

படியைத் தர வேண்டியது மாநில அரசு. பழைய சட்டத்திலும் அப்படித்தான், புதியதிலும் அப்படித்தான். இப்போது கூலியிலும் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். இனி எந்த அதிகாரி ரசீது எழுதுவார்? எழுதாமல் இருப்பதுதான் மாநில அரசுக்கு லாபம்.

இந்த வேலையையே சோம்பேறிகளுக்குத் தீனி என்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் ஏரியில் இறங்கி மண் வெட்டட்டும். விவசாயப் பருவத்தில் 60 நாள் வேலையை நிறுத்தலாம் என்று புதிய சட்டத்திலேயே எழுதியது, குறைந்த கூலிக்கு ஆள் தேடும் நிலக்காரர்களுக்காகத்தான்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே ஒரு மாதம், வேலை கேட்கும் ஒவ்வொருவருக்கும் தேதி போட்டு ரசீது கொடுங்கள். பதினாறாவது நாளிலிருந்து படி கணக்கில் ஏறும். அந்தப் பயத்திலேயே பதினைந்துக்குள் வேலை வந்துவிடும்.