ஏற்காட்டு மூடுபனியைக் கோடாக்க முடியுமா?

எங்க தாத்தா ரிட்டயர்டு ட்ராயிங் மாஸ்டர். ஏற்காட்டில் இருக்கிறார். இப்போ கை லேசாக நடுங்கும். ஆனாலும் பென்சிலை விட்டபாடில்லை. போன வாரம் லீவுக்கு லேப்டாப்போடு போயிருந்தபோது, ஒரு குட்டிக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். 24 பக்கம். விரலால் சரசரவெனப் புரட்டினால், ஏரியில் ஒரு படகு நகர்ந்து நகர்ந்து மூடுபனிக்குள் காணாமல் போகும்.

"இதை டி.வி-ல பெருசா பார்க்க முடியுமா கண்ணு?"

ப்பூ, இவ்வளவுதானா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து 24 பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்து, வீடியோவாக்கி டி.வி-யில் போட்டேன். பல்ப். ஏற்காட்டில்தான் ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் மேகம் ஆயிற்றே! ஒவ்வொரு போட்டோவும் ஒவ்வொரு வெளிச்சம். படம் பழுதான டியூப்லைட் மாதிரி மினுக்கியது. நோட்டின் நீலக் கோடுகள் தனியாக டான்ஸ் ஆடின. படகைப் பெரிதாக்கினால் விளிம்பெல்லாம் படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டுக்குக் காரணம், போட்டோ என்பது பிட்மேப். பாட்டி போட்ட கிராஸ் ஸ்டிச் டேபிள் கிளாத் மாதிரி, கட்டம் கட்டமாக நிறம். கிட்டே போனால் கட்டம்தான் தெரியும். இன்னொரு வகை, வெக்டார். இது நம்ம புள்ளிக்கோலம். சில புள்ளிகள், அவற்றைச் சுற்றி எப்படி வளைய வேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். எத்தனை பெரிதாகக் கேட்டாலும் கம்ப்யூட்டர் புதிதாகப் போட்டுக் கொடுக்கும்.

பிட்மேப்பை வெக்டார் ஆக்க இங்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'ட்ரேஸ் பிட்மேப்' இருக்கிறது. உள்ளே வேலை செய்வது போட்ரேஸ். பீட்டர் செலிங்கர் என்ற கணிதப் பேராசிரியர் 2001-ல் வெளியிட்டது. "இந்த அளவுக்கு மேல் இருட்டாக இருந்தால் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை" என்று முதலில் பிரித்துவிடும். பிறகு கறுப்பின் ஓரமாகவே நடந்து, படிக்கட்டுகளை நேர்கோடுகளாக்கி, அவற்றை வளைவுகளாக்கும்.

முயற்சி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போட்டோ எடுப்பதில்தான் பாதி வேலை. நான் ஜன்னலை மூடி, லைட்டைப் போட்டு, போனைப் புத்தக அடுக்கில் நிறுத்தி, வெளிச்ச அளவை லாக் செய்து மறுபடி எடுத்தேன். அப்போதுதான் இருட்டு அளவை ஒரே எண்ணில் வைத்து 24-ஐயும் ட்ரேஸ் செய்ய முடியும். இல்லாவிட்டால் கோடு ஒரு ஃப்ரேமில் தடித்து, அடுத்ததில் மெலிந்து துடிக்கும். நோட்டின் நீலக் கோடுகள் வெளிறியவை என்பதால் தானாகவே கழன்றுகொண்டன.

ராத்திரி பத்து மணிக்குப் பெருமையாகக் காட்டினேன். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"படகு நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது என் கை இல்லையே கண்ணு."

சுருக்கென்றது. முனைகளை மழுப்பும் ஆப்ஷனையும், வளைவுகளைச் சுருக்கும் ஆப்ஷனையும் அப்படியே விட்டிருந்தேன். அவை தாத்தாவின் நடுக்கத்தைப் பிழை என்று நினைத்து இஸ்திரி போட்டுவிட்டன. இரண்டையும் நன்றாகக் குறைத்து மறுபடி 24 தடவை ட்ரேஸ். ஃபைல் கொஞ்சம் பருத்தது. கோட்டில் நடுக்கம் திரும்பி வந்தது.

நடுவில் எனக்கு ஒரு சோம்பேறி ஐடியா. டெலிகிராமில் ஆடும் வெக்டார் ஸ்டிக்கர்களுக்கு 64 கே.பி-தான் உச்ச வரம்பு. 3 விநாடி ஆட்டம் அதில் அடங்குவது எப்படி? ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிப்பதில்லை. தோல்பாவைக்கூத்து மாதிரி, பொம்மை ஒன்றுதான். கை, காலை நகர்த்துவதற்கான குறிப்புதான் கூடுதல். அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் லாட்டி. 1926-லேயே நிழல் பொம்மைகளை வெட்டி நகர்த்தி முழுநீளப் படம் எடுத்த ஜெர்மன் இயக்குநர் லாட்டே ரைனிகரின் நினைவாக வைத்தது.

"தாத்தா, ஒரே படகை வெச்சு நகர்த்திடலாமா?"

"அப்புறம் நான் எதுக்கு 24 படகு போட்டேன்?"

சரிதானே!

கடைசியாக மாட்டிக்கொண்டது மூடுபனி. பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, விரலால் இழுத்துவிட்டிருந்தார். போட்ரேஸுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், சாம்பல் தெரியாது. இருட்டு அளவைக் குறைத்தால் பனியே காணோம். கூட்டினால் ஏரி மேல் கரும்பாறைகள் உருண்டன. சாம்பலைப் பல அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தேன். சேர்வராயன் மலை மேப்பில் இருக்கும் உயரக் கோடுகள் மாதிரி பட்டை பட்டையாக வந்தது. விட்டுவிட்டேன். பனியை மட்டும் போட்டோவாகவே வெட்டி, வெக்டார் படகுக்கு மேல் வைத்தேன். இரண்டும் ஒரே ஃபைலில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

டி.வி-க்கு வெக்டார் ஃபைல் புரியாது என்பதால் கடைசியில் எல்லாவற்றையும் எச்.டி வீடியோவாக, அதாவது திரும்பவும் கட்டங்களாக, மாற்றி பென் டிரைவில் ஏற்றினேன். சிரிக்காதீர்கள். டி.வி-யின் அளவுக்கே புதிதாக வரைந்த கட்டங்கள் என்பதால் படிக்கட்டு இல்லை.

விநாடிக்கு 12 ஃப்ரேம். மொத்தமே 2 விநாடி. ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, படகு லேசாக நடுங்கிக்கொண்டே பனிக்குள் போனது. "இன்னொரு தடவை" என்றார் தாத்தா. போட்டேன். "இன்னொரு தடவை." பத்துப் பன்னிரண்டு தடவை ஓடியிருக்கும்.

"நிறுத்து, நிறுத்து. 17-ம் பக்கத்துல துடுப்பை விட்டுட்டேன் பாரு. அந்த ரப்பரை எடு."